ஒத்திகைக்கும் பாடவேளை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரிகளில் இசைத் தொழில்நுட்பப் படிப்புகள் குறித்துத் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஒலிப்பதிவு, ஒலிக்கலவை, மென்பொருள், வேலைவாய்ப்பு என்று பலவற்றையும் தெளிவாகச் சொன்ன அக்கட்டுரையில், மடிக்கணினியும் கைப்பேசியும் மின்னணுக் கருவிகளுமாக எட்டுப் பத்துப் பேர் ஒரே மேடையில் அமர்ந்து சேர்ந்து வாசிக்க எப்படிப் பழகுவது என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. இது கட்டுரையாளரின் குறையன்று. எனக்குத் தெரிந்த மாணவர்கள் படிக்கும் பாடத்திட்டங்களிலும் அந்த வரி இல்லை. அதைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம். சற்று நீண்டுவிட்டதைப் பொறுத்தருள்க.

நான் பள்ளியில் 31 ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். அவற்றுள் பாதிக்கு மேற்பட்ட ஆண்டுகள், சனி ஞாயிறுகளில், திருமண மண்டபங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் மெல்லிசைக் குழுக்களுடன் கீபோர்டு வாசித்தேன். இப்போது திருச்சியில் கல்லூரி மாணவர் எண்மர் கொண்ட ஒரு குழுவுக்கு வாரம் இருமுறை ஒத்திகை நடத்துகிறேன். ஐவர் மடிக்கணினியில் வாசிக்கிறார்கள். மற்ற மூவரிடம் ஆக்டோபேட் என்னும் மின்னணுத் தாளக்கருவி, மின் வயலின், மிருதங்கம் ஆகியவை இருக்கின்றன. நான் இங்கே சொல்பவை பெரும்பாலும் அந்தக் கூடத்தில் பட்டுத் தெரிந்துகொண்டவை.

தொழில்நுட்பத்தால் இயங்கும் இசைக்குழு என்றதும் ஏதோ வெளிநாட்டுப் புதுமை என்று தோன்றலாம். நம் ஊர் மெல்லிசைக் குழுவே அத்தகையதுதான். வெவ்வேறு நிறுவனங்களின் மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் மிடி என்னும் பொது ஏற்பாடு 1983இல் வந்தது. அதன் பிறகு சில ஆண்டுகளிலேயே கீபோர்டும் ஆக்டோபேடும் நம் திருவிழா மேடைகளுக்கு வந்துவிட்டன. ஆனால் அன்று நான் இருந்த குழுக்களில், கருவி மின்சாரத்தில் ஓடினாலும், ஒத்திகை யாரோ ஒருவர் வீட்டு மாடியில் மூன்று நான்கு இரவுகள் நடந்தே தீரும். பாடகி சரணத்தில் ஓர் அடியைத் தவறவிட்டுப் பல்லவிக்குத் தாவினால் நாங்கள் அனைவரும் அரை நொடியில் அவருடன் திரும்பிக்கொள்வோம். பிறகு மைனஸ் டிராக் வந்தது. பென் டிரைவில் முழுப் பின்னணியும் இருக்க, பாடகர் மட்டும் மேடையேறினால் போதும் என்றாயிற்று. டிராக் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. தாவுபவருடன் தாவுவதும் இல்லை. மேடையில் அதற்குப் பக்கத்தில் கீபோர்டுடன் நின்று சில நிகழ்ச்சிகளில் வாசிப்பதுபோல் கையசைத்திருக்கிறேன் என்பதையும் வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். இன்றைய மாணவர்கள் இசைக் கணினியை முதலில் சந்திப்பது இந்த வழியில்தான். ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் நடந்துவிடும், சேர்ந்து பழக என்ன இருக்கிறது என்ற எண்ணத்துடனேயே அவர்கள் முதல் ஒத்திகைக்கு வருகிறார்கள்.

உண்மை நேர்மாறானது என்பதை முன்னோடிகள் வெகு காலம் முன்பே கண்டுகொண்டனர். 1978ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஜிம் ஹார்ட்டன், ஜான் பிஷாஃப், ரிச் கோல்டு ஆகியோர் கிம்-1 என்ற சிறு கணினிகளைக் கம்பிகளால் இணைத்து, ஒன்றின் இசைக்கு மற்றொன்று எதிர்வினை செய்யுமாறு வாசித்தார்கள். 2005இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டான் ட்ரூமனும் பெரி குக்கும் மடிக்கணினி வாத்தியக் குழுவைத் தொடங்கினர். 2008இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கே வாங் அதே போன்ற குழுவை அமைத்தார். இவ்விரண்டும் மாணவர்கள் பதிவு செய்து படிக்கும் பாடங்கள் என்பதுதான் நான் இங்கே வலியுறுத்த விரும்புவது. நிரல் எழுதத் தெரிந்தவரும் வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவரும் ஒரே வகுப்பில் தரையில் அமர்ந்து, பருவம் முழுவதும் சேர்ந்து வாசித்துப் பழகுகிறார்கள்.

பிரின்ஸ்டன் குழு எடுத்த முக்கிய முடிவுகளுள் ஒன்று ஒலிபெருக்கியைப் பற்றியது. ட்ரூமன் ஃபிடில் வாசிப்பவர். ஃபிடிலின் ஒலி, வாசிப்பவரின் தோளிலிருந்து நாலா பக்கமும் பரவுகிறது. பக்கத்தில் இருப்பவருக்கு அது யாருடைய ஒலி என்று கேட்க வேண்டியதில்லை. மடிக்கணினியின் ஒலியோ கேபிள் வழியாக எங்கோ போய், மேடையின் இரு ஓரங்களிலும் நிற்கும் பெரிய பெட்டிகளிலிருந்து எல்லாருடைய ஒலியோடும் கலந்து வருகிறது. எனவே ஒவ்வொருவர் பக்கத்திலும் ஆறு ஒலிபெருக்கிகள் பதித்த அரைக்கோளம் ஒன்றை வைத்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் அந்த அரைக்கோளத்தை ஐகியா கடையில் விற்கும் மரத்தாலான சாலட் கிண்ணத்தில் கார் ஒலிபெருக்கிகளைப் பொருத்தியே செய்துகொண்டார்கள். இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. நம் ஊரில் கிண்ணத்துக்கா பஞ்சம்?

எங்கள் குழுவில் கிண்ணம்வரை போகவில்லை. ஆளுக்கொரு சிறு ஒலிபெருக்கியை முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்து, அரைவட்டமாக உட்காருகிறோம். முதல் மாதம் ஹெட்ஃபோனுக்கு அனுமதி இல்லை, பாட்டும் இல்லை. ஒருவர் ஒரே ஒரு சுரத்தை எழுப்ப வேண்டும், மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அது யாரென்று கை காட்ட வேண்டும். சிறுபிள்ளை விளையாட்டுப் போலத் தெரியும் இதில் முதல் வாரம் பாதிக்கு மேல் தவறினார்கள். தம்முடைய ஒலியையே சிலரால் அடையாளம் காண முடியவில்லை.

அடுத்தது ஒலியளவு. வயலினில் உரக்க வாசிக்க வில்லை அழுத்த வேண்டும், மிருதங்கத்தில் உரக்க அடித்தால் விரல் வலிக்கும். உடலே ஓர் எல்லையை வகுத்துவிடுகிறது. மடிக்கணினியில் எறும்பின் முழக்கத்தையும் இடியின் முழக்கத்தையும் பிரிப்பது விரல் நகத்தளவு நகர்த்தல்தான். தன் ஒலி தனக்குக் கேட்கவில்லை என்று ஒருவர் ஏற்றுவார், அதனால் பக்கத்திலிருப்பவர் ஏற்றுவார், இருபது நிமிடத்தில் எல்லாக் கட்டுப்பாடுகளும் உச்சியில் நிற்கும், மிருதங்கக்காரர் மட்டும் கை வீங்க அடித்துக்கொண்டிருப்பார். எனவே எங்கள் விதி இது: மிருதங்கத்தின் சாப்பு என்னும் கணீரென்ற தட்டு தெளிவாகக் காதில் விழாத எவரும் தம் ஒலியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். அதை ஏற்றுவது பற்றிய பேச்சே இல்லை.

தொடங்குவதும் முடிப்பதும் இன்னும் கடினம். நாகசுரக்காரர் மூச்சை இழுப்பது தவில்காரருக்குத் தெரிகிறது; வயலினின் வில் உயர்வது பாடகருக்குத் தெரிகிறது. மடிக்கணினி வாசிப்பவரின் உடலில் அப்படி எதுவும் தெரிவதில்லை, கண்ணும் திரையை விட்டு அகல்வதில்லை. எங்கள் ஒத்திகையை ஒருநாள் எட்டிப் பார்த்த என் மனைவி, "எல்லாரும் காலை 10 மணிக்குத் தட்கல் டிக்கெட் எடுப்பவர்கள் மாதிரியல்லவா இருக்கிறார்கள்!" என்றார். மறுநாள் முதல் திரைகளைப் பாதி தாழ்த்தி வைத்து வாசிக்கச் சொன்னேன். எந்த விசை எந்த ஒலி என்பது விரலுக்குத் தெரியும்வரை ஒரு மாணவர் தம் பகுதியை வீட்டில் பழக வேண்டும். ஒத்திகைக் கூடத்தில் கண்கள் மற்றவர்களுக்காக இருக்க வேண்டும். எடுப்புக்கு வலக்கையை உயர்த்துவது, முடிப்புக்குத் தலையசைப்பது என்று இரண்டே குறிப்புகளை வைத்திருக்கிறோம். எந்தக் கோர்வையையும், அதாவது கணக்காகக் கோத்த தாளப் பகுதியையும், கருவியில் தொடுமுன் எண்மரும் கையில் தாளம் போட்டுக்கொண்டு சொற்கட்டாக (தகதிமி போன்ற தாளச் சொற்களாக) வாயால் சொல்ல வேண்டும். கணினி மாணவர்கள் தொடக்கத்தில் கூச்சப்பட்டார்கள். இப்போது பேருந்திலும் சொல்லிக்கொண்டு போவதாகக் கேள்வி.

தாளத்தை யார் பிடிப்பது என்பதில் ஒரு பெரிய சர்ச்சையே நடந்தது. ஒரே வைஃபையில் இணைந்த கருவிகள் அனைத்தும் ஒரே காலப்பிரமாணத்தில் ஓடுவதற்கு ஏபிள்டன் என்னும் இசை மென்பொருள் நிறுவனம் 2016இல் வெளியிட்ட லிங்க் போன்ற வசதிகள் இருக்கின்றன. அதைப் பயன்படுத்தினால் ஐந்து மடிக்கணினிகளும் பிசகாமல் ஓடும். மிருதங்கம்தான் அவற்றுக்குப் பணிவிடை செய்ய வேண்டியதாகும். உயிருள்ள கை, தனி வாசிக்கும்போது மயிரிழை அளவு முந்தும், தளரும். அதைக் கணினியின் கிளிக் என்னும் மாறாத தாளத் தட்டுக்குள் அடைத்தபோது நன்கு வாசிக்கும் அந்த மாணவரின் வாசிப்பு உப்பில்லாத சோறாயிற்று. கடைசியில் ஒரு மாணவியை இதற்கென்றே நியமித்தோம். மிருதங்கத்தைக் கேட்டு அவர் ஒரு விசையைத் தட்டிக்கொண்டே இருப்பார், எல்லாக் கணினிகளும் அவர் தட்டைப் பின்பற்றும். ஆலாபனைப் பகுதியில் கடிகாரத்தையே நிறுத்திவிடுவார். ஜால்ரா போடுவது என்பதை நாம் ஏளனச் சொல்லாக்கிவிட்டோம். நாகசுரக் குழுவில் தாளம் போடுபவரும் சுருதிக்கு ஒத்து ஊதுபவரும் சற்று அயர்ந்தால் என்ன ஆகும் என்பது அந்தக் குழுவினருக்குத்தான் தெரியும். எங்கள் குழுவில் மிகக் கடினமான பொறுப்பு அந்த மாணவியுடையது.

என்னுடைய பாடம் என்பதால் காலத் தாமதம் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவரின் ஒலி நம்மை அடைய 9 மில்லி விநாடி ஆகும். இந்த அளவுக்கு நம் காது காலங்காலமாகப் பழகியிருக்கிறது. மடிக்கணினியோ ஒலியைத் துணுக்குகளாகச் சேர்த்து வைத்து அனுப்புகிறது. நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அளந்தெடுக்கும் புள்ளிகள்) என்ற கணக்கில், பஃபர் என்னும் அந்தச் சேமிப்பை 128 மாதிரிகளாக வைத்தால் தாமதம் சுமார் 3 மில்லி விநாடி. 1,024ஆக வைத்தால் 23 மில்லி விநாடிக்கு மேல். குறைத்து வைத்தால் பழைய கணினிகள் திணறி ஒலியில் வெடிப்புகள் வரும், கூட்டினால் விரலும் ஒலியும் பிரியும். ஐந்து கணினியில் ஐந்து அளவு வைத்துக்கொண்டு தாளம் சேரவில்லை என்று சண்டை போடுவதில் பொருளில்லை. ப்ளூடூத் ஒலிபெருக்கி இன்னும் மோசம். சாதாரணமாக 100 மில்லி விநாடியைத் தாண்டிவிடும். தொடக்க நாட்களில் ஒரு மாணவர் அப்படியொன்றைக் கொண்டுவந்து, தம் ஒவ்வொரு தட்டும் பிந்துவதைக் கவனியாமல், மிருதங்கக்காரர் ஓடுகிறார் என்று இரண்டு ஒத்திகைகள் முழுவதும் குறை சொல்லிக்கொண்டிருந்தார். கேபிளைச் செருகியதும் குறை தீர்ந்தது. மன்னிப்புக் கேட்டாரா என்பது அவர்கள் இருவருக்குள் உள்ள விஷயம்.

இதே காரணத்தால்தான் 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் காணொளி வழியே இசை வகுப்பு நடத்திய ஆசிரியர்களால் மாணவருடன் சேர்ந்து தாளம் போட முடியாமல் போயிற்று. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சென்னைக்கும் இலண்டனுக்கும் நேர்கோட்டிலேயே 8,000 கிலோமீட்டருக்கு மேல் என்பதால், வேறெந்தத் தடையும் இல்லாவிட்டாலும் ஒரு வழிக்கே 40 மில்லி விநாடி ஆகிவிடும். ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ் சேஃப் போன்றோர் உருவாக்கிய ஜாக்டிரிப் மென்பொருள் அருகிலுள்ள ஊர்களுக்கிடையே தாமதத்தை வெகுவாகக் குறைக்கிறது. ஆனால் ஒரு வழித் தாமதம் 25 மில்லி விநாடியைத் தாண்டத் தாண்ட, இருவரும் ஒருவர் மற்றவருக்காகக் காத்திருந்து காலம் தளர்ந்துகொண்டே போகும். தாளக்கட்டு இல்லாத இசையை அப்படி வாசிக்கலாம். ஆதி தாளத்தில் ஒரு கோர்வையை வாசிக்க ஒரே கூடத்தில்தான் உட்கார வேண்டும்.

கருவியே மாறிக்கொண்டிருப்பது இந்தக் குழுக்களுக்கே உரிய இன்னொரு தொல்லை. கச்சேரிக்கு முந்தைய இரவு வயலினில் ஐந்தாவது தந்தியைக் கட்டிக்கொண்டு வருபவர் எவரும் இல்லை. கணினி மாணவரோ ஒவ்வோர் ஒத்திகைக்கும் ஒரு புதிய ஒலியுடன் வருவார். நேற்றுச் சேர்ந்து பழகிய ஒலி இன்று இராது. நிகழ்ச்சிக்குப் பத்து நாள் முன்பிருந்து நிரலில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது என்பதை மாணவர்கள் ஏற்றுக்கொள்ள எனக்கு ஓராண்டு ஆயிற்று. இவ்வொலிகளுக்குச் சுரக்குறிப்பும் போதாது என்பதால், எந்த ஆவர்த்தனத்தில் (தாளச் சுற்றில்) யார் நுழைகிறார், யார் விலகுகிறார் என்பதைப் பெரிய சார்ட் தாளில் வண்ணக் கோடுகளாக வரைந்து சுவரில் ஒட்டுகிறோம்.

இத்தனைக்குப் பிறகும் எங்கள் முதல் மேடை கவிழ்ந்தது. ஒரு கல்லூரியின் ஆண்டு விழா அது. வெற்று அரங்கில் மாலை நான்கு மணிக்குச் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. ஆறரை மணிக்கு முந்நூறு பேர் முந்நூறு கைப்பேசிகளுடன் அமர்ந்ததும் எங்கள் வைஃபை திணறத் தொடங்கியது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று படியாத தடங்கள் மூன்றே என்பதை வகுப்பில் சொல்லத் தெரிந்த எனக்கு மேடையில் அது தோன்றவில்லை. இரண்டாம் பகுதியின் நடுவில் ஐந்து மடிக்கணினிகளும் தாளம் இழந்து, இரண்டு அறவே ஓய்ந்தன. மிருதங்க மாணவர் ஒரு கணம் சுற்றிப் பார்த்துவிட்டு, அடுத்த சமத்தில், அதாவது தாளச் சுற்றின் முதல் தட்டில், தனியைத் தொடங்கிவிட்டார். வயலின் மாணவி அவருக்கு ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டார். மூன்று நிமிடங்களில் மற்றவர்கள் திரும்பி வந்தார்கள். அவையோர் அதைத் திட்டமிட்ட தனி ஆவர்த்தனம் என்று எண்ணிக் கைதட்டினார்கள். எங்களுக்கு மட்டும் முதுகில் வியர்வை வழிந்தது.

அன்றிலிருந்து வைஃபை மேடைக்கு வருவதில்லை. ரவுட்டரிலிருந்து ஒவ்வொரு கணினிக்கும் கேபிள் போகிறது. மென்பொருள் புதுப்பிப்பும் அறிவிப்பு ஒலிகளும் நிறுத்தப்பட்டனவா என்று ஒருவர் மற்றவருடைய கணினியைச் சோதிக்கிறார், ஏனெனில் தம்முடையதைச் சோதித்ததாக எல்லாரும் சத்தியம் செய்வார்கள். பூமி இணைப்பு (எர்த்) இல்லாத இரண்டு முள் சார்ஜரால் வரும் இரைச்சலுக்கும் மாற்று ஏற்பாடு உண்டு. இவற்றை விட முக்கியமாக, இப்போது தோல்விக்கும் ஒத்திகை பார்க்கிறோம். வாசிப்பு நடந்துகொண்டிருக்கும்போது நான் முன்னறிவிப்பின்றி யாரேனும் ஒருவருடைய கேபிளைப் பிடுங்கிவிடுவேன். ஒலி இழந்தவர் கையை உயர்த்த வேண்டும், பக்கத்திலிருப்பவர் அவருடைய பகுதியின் சாரத்தைத் தம் கருவியில் எடுத்துக்கொள்ள வேண்டும், இழந்தவர் மீண்டும் நுழையும் இடத்தை மிருதங்கம் ஒரு தீர்மானத்தால் (மும்முறை வாசிக்கும் முடிப்பால்) காட்ட வேண்டும். மாணவர்களுக்கு மிகவும் பிடித்த ஒத்திகை இதுவே என்பது எனக்கே வியப்பு.

விழா நடத்துவோருக்கும் ஒரு சொல். மாலை மரியாதையெல்லாம் முடிந்த பிறகு, பத்து நிமிடத்தில் தொடங்குங்கள் என்று இத்தகைய குழுவை மேடையேற்றுவது முறையன்று. எட்டுக் கருவிகளைப் பொருத்தி ஒலியளவைச் சரிபார்க்க முக்கால் மணி நேரமாவது வேண்டும். மைக் செட்காரரை முதல் நாள் ஒத்திகைக்கே அழைத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். நாங்கள் அழைத்தவர், தமக்கு இருபது ஆண்டில் வந்த முதல் அழைப்பு இது என்றார்.

இனி என் வேண்டுகோள். இசைத் தொழில்நுட்பம் கற்பிக்கும் கல்லூரிகள், ஒரு பருவமேனும், வாரத்துக்கு இருமுறை இரண்டு மணி நேரம், எட்டுப் பேருக்கு மிகாத குழுக்களுக்குச் சேர்ந்து வாசிக்கும் பாடவேளை ஒதுக்க வேண்டும். மதிப்பெண்ணில் பெரும்பங்கு மேடை நிகழ்ச்சிக்கு அல்லாமல் ஒத்திகைக்கு இருக்க வேண்டும்: வருகை, ஒலியளவைக் கட்டுப்படுத்துதல், பிறரைக் கேட்டு வாசித்தல், பழுதானபோது நடந்துகொண்ட விதம் ஆகியவை மதிப்பிடப்பட வேண்டும். பெரிய செலவு எதுவும் இதில் இல்லை. மாணவர்களிடம் கணினி இருக்கிறது. ஆளுக்கொரு சிறு ஒலிபெருக்கியும் கேபிள்களும் ஒரு காலிக் கூடமும் போதும். அரசு இசைக் கல்லூரி மாணவர்களையும் பொறியியல் கல்லூரி மாணவர்களையும் ஒரே குழுவில் சேர்த்தால் இன்னும் சிறப்பு. கற்பிக்க ஆளில்லை என்ற காரணத்தையும் நான் ஏற்க மாட்டேன். மைனஸ் டிராக் வந்த பிறகு வாய்ப்புக் குறைந்த மெல்லிசைக் கலைஞர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். பாடகி எந்த நொடியில் தாவுவார் என்பதை அவர் தோளைப் பார்த்தே அறிந்த அவர்களை விடச் சேர்ந்து வாசிப்பதைக் கற்பிக்கத் தகுதியானவர்கள் யார்? பட்டம் இல்லை என்பதற்காக அவர்களை வாசலில் நிறுத்த வேண்டாம்.

இதெல்லாம் இசையா என்று கேட்கும் பெரியோர்களும் இருக்கிறார்கள் என்பதை அறிவேன். இன்று கச்சேரி மேடைகளில் தம்புராவின் இடத்தில் மின்னணுச் சுருதிப் பெட்டி இருப்பதை அவர்கள் பொறுத்துக்கொள்ளவில்லையா என்பதே என் பதில். அதற்கு மேல் அந்த விவாதத்துக்குள் இக்கடிதத்தில் போக விரும்பவில்லை.

இத்துறை பற்றி அடுத்த கட்டுரை எழுதும்போது, தங்கள் செய்தியாளரை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மட்டுமன்றி ஏதேனும் ஒரு மாணவர் குழுவின் ஒத்திகைக்கும் அனுப்பி வைக்கக் கோருகிறேன். எங்களிடம் வருவதானால், கேபிள் பிடுங்கும் நாளாகப் பார்த்து வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.